பெயரிழந்த பொருள்களும் பொருளிழந்த பெயர்களும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், கவரைப்பேட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து ஆண்டுகளாகக் கூடிக் கவிதை படித்தும் கேட்டும் கருத்து மாறுபட்டும் வளர்ந்த வட்டம் இது. இவ்விழாவில் கவிதையின் சிறப்பைப் பேசப் பலர் இருக்கின்றீர்கள். நான் கவிதைக்குச் சற்று அப்பால் நிற்பதுபோல் தோன்றும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டுள்ளேன். பரணிலும், மாட்டுக்கொட்டிலின் மூலையிலும், பழைய இரும்புக் கடையின் குவியலிலும் கிடக்கின்ற, இன்னதென்று அறிய இயலாத பழங்கருவிகளைப் பற்றியதே என் உரை. இது கவிஞர்களின் வேலையா என்ற ஐயம் எழலாம். உரையின் முடிவில் அவ்வையம் நீங்கும் என்று நம்புகிறேன்.

ஒரு கருவி இரண்டு இடங்களில் வாழ்கிறது. ஒன்று, அதைப் பிடிக்கும் கை. மற்றொன்று, அதை அழைக்கும் சொல். இவ்விரண்டும் கூடியிருக்கும் வரையில் அக்கருவிக்கு அழிவில்லை. உடைந்தால் வேறொன்று செய்துகொள்ளலாம். இரண்டும் பிரியும்போது மூன்று நிலைகள் தோன்றுகின்றன. பொருள் கிடைக்கிறது, பெயர் இல்லை. பெயர் கிடைக்கிறது, பொருள் இல்லை. மூன்றாவது நிலையில் பொருளும் பெயரும் இரண்டுமே இருக்கின்றன. ஆனால் ஒருவர் வீட்டில் பொருளும் வேறொருவர் நினைவில் பெயருமாகத் தனித்தனியே முதுமையடைகின்றன. முதல் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் நம் திருவள்ளூர் மாவட்டமே சான்று. இரண்டாம் நிலைக்கு நம் இலக்கியம் சான்று.

பொருள் உண்டு, பெயர் இல்லை

1863 ஆம் ஆண்டு மே திங்கள் 30 ஆம் நாள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் பூட் என்னும் இளைஞர், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் செம்புரைச் சரளை தோண்டிய குழியொன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அப்போது அவருக்கு வயது 28. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் அவருடைய துறைத் தோழர் வில்லியம் கிங்கும் நம் ஊருக்குத் தென்மேற்கே, கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கற்களை மேலும் கண்டனர். இந்தியாவின் பழைய கற்கால வரலாறு எழுதத் தொடங்கியது அந்த ஆண்டில்தான்.

இங்கு நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அக்கற்கள் அன்றுதான் அங்கு வந்து சேர்ந்தவை அல்ல. உழவர் மிதித்தவை, மாடு மேய்ப்போர் எறிந்தவை, சாலைக்குச் சரளை அள்ளியோர் கூடையில் வாரிக் கொட்டியவை. எல்லார் கண்ணிலும் பட்ட கல், ஒருவர் கண்ணுக்கு மட்டும் கருவியாகத் தெரிந்தது ஏன்?

விடை, அவர் முன்னரே அறிந்திருந்த செய்தியில் உள்ளது. பிரான்சு நாட்டின் அப்வில் நகரில் சுங்க அதிகாரியாக இருந்த பூசே த பெர்த், ஆற்றுப் படிவுகளில் கிடைத்த சில கற்கள் பண்டை மனிதன் செதுக்கியவை என்று பல ஆண்டுகள் வாதிட்டு வந்தார். அறிஞர்கள் நகைத்தனர். 1859 இல் இங்கிலாந்திலிருந்து பிரெசுட்விச்சு, எவான்சு ஆகிய இருவரும் நேரில் சென்று பார்த்து, அவர் கூற்று மெய்யே என்று அறிவித்தனர். அச்செய்தி அச்சேறிய நான்கே ஆண்டுகளில் பல்லாவரத்துக் கல் அடையாளம் காணப்பட்டது. கண் தானாகவே காண்பதில்லை. இப்படியும் ஒரு பொருள் இருக்கக்கூடும் என்று யாரோ ஒருவர் சொல்லி வைத்திருக்க வேண்டும். சொல் முன்னே சென்று வழிகாட்ட, கண் பின்னே செல்கிறது.

அத்திரம்பாக்கத்தில் அதன்பின் வி. டி. கிருஷ்ணசாமி முதலிய அறிஞர்கள் ஆய்ந்தனர். 1999 முதல் சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் அங்கே அகழ்ந்தனர். கல்லில் விண்கதிர்களால் உண்டாகும் பெரிலியம், அலுமினிய அணுக்களின் அளவையும், மண்ணடுக்குகளில் பதிந்த புவிகாந்தத் திசையையும் கணக்கிட்டு, அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011 இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டனர். சிறியனவும் நுட்பமானவையுமான அடுத்த வகைக் கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு தோன்றிவிட்டன என்று 2018 இல் நேச்சர் இதழில் எழுதினர். பூண்டியிலுள்ள தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் இவ்வட்டாரக் கற்கருவிகளை இன்றும் காணலாம்.

அக்கல் கருவிதான் என்று எவ்வாறு துணிந்தனர்? ஆற்றில் உருண்ட கல் விளிம்பு மழுங்கி வழவழப்பாக இருக்கும். மனிதன் அடித்துச் செதுக்கிய கல்லில், ஒவ்வோர் அடிக்கும் ஒரு சில்லு பெயர்ந்த பள்ளம் இருக்கும். அப்பள்ளங்கள் விளிம்பைச் சுற்றி ஓர் ஒழுங்கோடு, இருபுறமும் மாறிமாறி அமைந்திருக்கும். உடைவு தற்செயலாக நேரலாம். ஒழுங்கு தற்செயலாக நேராது. அதுவே மனிதக் கையின் கையொப்பம்.

எனினும் ஓர் எச்சரிக்கை. அக்கல்லை நாம் கைக்கோடரி என்கிறோம். அது கண்டெடுத்தவர் இட்ட பெயர். செய்தவர் இட்ட பெயர் அன்று. கோடரியைப் போல் மரம் வெட்ட மட்டும் அது பயன்பட்டது என்று கொள்வதற்கில்லை. தோலுரித்தல், இறைச்சி அரிதல், கிழங்ககழ்தல் எனப் பல தொழிலுக்கும் உதவியிருக்கலாம். வேறு நாடுகளில் இத்தகைய கற்களை இடியோடு வானிலிருந்து விழுந்தவை என்று நம்பியதும் உண்டு. நம் நாட்டின் சில பகுதிகளில் பிற்காலத்து வழவழப்பான கற்கோடரிகளை அரசமரத்தடியில் வைத்து வழிபட்டதும் உண்டு. பெயர் தொலைந்த பொருளுக்குப் பின்வருவோர் பெயரிடுகின்றனர். அப்பெயரில் அப்பொருளைவிட அவர்களே மிகுதியாகத் தெரிகின்றனர்.

பெயர் உண்டு, பொருள் இல்லை

இனி இரண்டாம் நிலைக்கு வருவோம். சிலப்பதிகாரம் மதுரை மதிலின் மீது நின்ற போர்ப்பொறிகளை ஒரு நீண்ட வரிசையாக அடுக்குகிறது. கருவிரலூகம், ஐயவித்துலாம் என்ற பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ளன. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் அவற்றுக்கு விளக்கமும் தந்துள்ளார். ஆயினும் அப்பொறிகளுள் ஒன்றையேனும் தொட்டுக் காட்ட எவராலும் இயலாது. சொல் மட்டும் நம்மிடம் எஞ்சி நிற்கிறது.

யாழும் அவ்வாறே மறைந்த கருவி. மரத்தாலும் தோலாலும் நரம்பாலும் ஆன பொருள் நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் எத்தனை நூற்றாண்டு நிற்கும்? யாழும் வீணையும் ஒன்றே என்று கருதியவர்களும் இருந்தனர். ஈழத்துக் காரைதீவில் 1892 இல் பிறந்து, அறிவியலில் பட்டம் பெற்று, துறவு பூண்ட விபுலாநந்த அடிகள், இம்மயக்கத்தைத் தீர்க்கப் பல்லாண்டு உழைத்தார். அவருடைய யாழ்நூல் 1947 இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. அவ்வாண்டிலேயே அடிகள் மறைந்தார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று வகை பிரித்து, உறுப்புகளின் அமைப்பையும் நரம்புகளின் அளவையும் அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

கருவியே கிடைக்காத நிலையில் அவருக்குத் துணைநின்றவை எவை? பழைய உரைகளோடு, ஆற்றுப்படை நூல்களின் வருணனைகளும் ஆகும். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் யாழின் பத்தரை, நிலத்தில் விலங்கின் குளம்பு பதிந்த சுவட்டிற்கு ஒப்பிடுகிறார். துளைகளை அடைத்து நிற்கும் ஆணிகளை, வளையில் வாழும் நண்டின் கண்களுக்கு ஒப்பிடுகிறார். இவ்விரு உவமைகளையும் சற்று நிதானமாக நோக்குங்கள். குளம்புச் சுவடு நடுவில் பிளந்து இருபுறமும் தாழ்ந்திருக்கும். ஆகவே பத்தர் தட்டையானது அன்று. நடுவில் உயர்ந்து இருபக்கமும் சரிந்தது. நண்டின் கண் சிறிது புடைத்து வெளியே தெரியும். ஆகவே ஆணி மரத்தோடு மட்டமாக அமையவில்லை. தலை சற்றுத் துருத்தி நின்றது. அழகுக்காகச் சொல்லப்பட்ட உவமை, கருவி அழிந்த பின் அதன் வரைபடமாக நிற்கிறது. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் யாழை மீண்டும் மரத்தில் செய்து இசைக்கவும் தொடங்கியுள்ளனர். அவ்வாறு செய்வோருக்குக் கிடைத்த முதல் அளவுகோல் ஒரு புலவரின் கண்.

இதற்கு எதிர்நிலையான ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரித்தானியா, பிரான்சு, செருமனி முதலிய நாடுகளில் உரோமர் காலத்துப் பொருளொன்று நூற்றுக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் கிடைத்துள்ளது. செம்புக் கலவையில் வார்த்தது, உள்ளீடற்றது, பன்னிரண்டு முகங்கள் உடையது. ஒவ்வொரு முகத்திலும் வெவ்வேறு அளவுள்ள வட்டத் துளை; ஒவ்வொரு மூலையிலும் ஒரு குமிழ். 2023 இல்கூட இங்கிலாந்தில் ஒன்று முழுமையாக அகழ்ந்தெடுக்கப்பட்டது. அளவுகருவி என்றும், விளக்குத் தண்டு என்றும், சமயப் பொருள் என்றும் பலவாறு கூறுவர், ஒன்றும் நிலைபெறவில்லை. இலத்தீன் மொழியில் எத்தனையோ நூல்கள் எஞ்சியிருந்தும், அவற்றுள் எதுவும் இப்பொருளைச் சுட்டவில்லை. பொருள் நூறு கிடைத்தும் ஊமையாக நிற்கிறது. யாழ் ஒன்றும் கிடைக்காதபோதும் பேசுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, ஒரு புலவர் நின்று பார்த்ததும் பாராததுமே.

இரண்டும் உண்டு, பிரிகின்றன

அன்பர்களே, இனி நாம் வாழும் மண்ணுக்கு வருவோம். அத்திரம்பாக்கத்துக் கல்லுக்கு நாம் செய்யக் கூடியது ஏதுமில்லை. அதன் பெயரைச் சொன்ன வாய் இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மூடிக்கொண்டது. ஆனால் நம் தெருக்களில் இன்னும் மூடாத வாய்கள் உள்ளன.

அடியில் சிறு துளையுள்ள ஒரு மண்பானையை எண்ணிக்கொள்ளுங்கள். உட்புறமெல்லாம் கரி. நூறாண்டு கழித்து ஒருவர் அதைக் கண்டெடுத்தால் என்ன சொல்வார்? துளையுள்ளதால் வடிகட்டும் பானை என்பார். கரியுள்ளதால் உலைப்பானை என்பார். இரண்டும் பொருந்தா. நம் மாவட்டத்து இருளர் வயலெலி பிடிக்கப் பயன்படுத்திய பானை அது. உள்ளே வைக்கோலை இட்டுத் தீமூட்டி, பானையின் வாயை எலிவளையின் வாயோடு பொருத்தி, அடித்துளையில் வாய்வைத்து ஊதுவர். புகை வளைக்குள் ஓடும், எலி வெளிப்படும். ஊதுபவரின் உதடு சுடும். நெஞ்சில் புகை நிறையும். இத்துன்பத்தைப் போக்கக் கையால் சுழற்றும் விசிறி பொருத்திய எஃகுக் கருவியொன்று இம்மாவட்டத்திலேயே உருவாக்கப்பட்டு, 2003 இல் உலக வங்கியின் போட்டியொன்றில் நிதியுதவி பெற்றது. எஃகுக் கருவி வந்தது நன்று. ஆனால் பானையின் துளைக்குப் பின்னால் இருந்த உதட்டை எழுதி வைப்பவர் யார்?

பழவேற்காட்டு ஏரியின் சேற்றுநீரில் கைகளால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள், இரு கைகளுக்கும் வேலையிருப்பதால் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வர். அப்பறி ஒன்று தனியே கிடைத்தால் சிறு கூடை என்றே கருதுவோம். விளிம்பிலுள்ள பல்தடத்தை உற்று நோக்குபவருக்கே அதன் கதை புலப்படும்.

நம் இனத்தவர்க்கே, அதாவது எழுதுவோர்க்கே, உரிய கருவியொன்றும் இவ்வரிசையில் உண்டு. இரும்பாலோ பித்தளையாலோ ஆன மடக்கெழுத்தாணி. ஒரு முனையில் எழுதும் ஊசி; மறுமுனையில் ஓலையை நறுக்கும் சிறு கத்தி; இரண்டும் கைப்பிடிக்குள் மடங்கும். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி என்று வேறு வகைகளும் இருந்தன. இன்று ஏதேனும் ஒரு வீட்டில் அது கிடைத்தால், பேனாக்கத்தி என்றோ மருத்துவக் கருவி என்றோ எண்ணிக் கடையில் போடுவோரே மிகுதி. தமிழின் நூல்களையெல்லாம் சுமந்து வந்த கருவியைத் தமிழ்க் கவிஞன் அடையாளம் காணாமற் போவது வருந்தத்தக்கது.

கலப்பையைப் பாடாத கவிஞர் நம்மில் குறைவு. ஆயின் கொழு எது, மேழி எது, ஏர்க்கால் எது, நுகத்தடி எது என்று தொட்டுக் காட்ட நம்முள் எத்தனை பேரால் இயலும்? நீரிறைக்கும் அமைப்பைத் தெற்கே கமலை என்பர். நம் பக்கத்தில் கவலை என்பர். அச்சொல்லைக் கவிதையில் காணும் இளைஞர் அதை மனக்கவலை என்றே பொருள்கொள்வார். பொருள் போனபின் சொல் நிற்கிறது. நின்றும் வேறு பொருள் பேசுகிறது.

இக்கவலை நமக்கு மிக நெருக்கமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றிலும் கழிவிரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக்கும் ஆலைகள் பல உள்ளன. பிற ஊர்களின் பழங்கருவிகள் எங்கோ சென்று மறைகின்றன. நம் ஊர்ப் பழங்கருவிகள் நம் கண்ணெதிரிலேயே உருகக்கூடும். கொழுவும் பன்னரிவாளும் தாற்றுக்கோலின் முனையும் கம்பியாகிப் புதுவீட்டின் தூணுக்குள் புகுகின்றன. ஆலைகளைக் குறைகூற நான் வரவில்லை. அவை பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. இரும்பு உருகுவது இயல்பு. இரும்போடு சேர்ந்து பெயரும் உருக வேண்டுமா என்பதே என் வினா.

அடையாளம் காணும் முறை

பழங்கருவி ஒன்று கையில் கிடைத்தால் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். முதலாவது, கை எங்கே பட்டது என்று பாருங்கள். பல காலம் பிடித்த இடம் மெருகேறியிருக்கும். இரண்டாவது, தேய்வு எங்கே உள்ளது என்று பாருங்கள். எறும்பூரக் கல்லும் தேயும் என்பர். கருவி தன் தொழிலைத் தன் தேய்விலே எழுதி வைத்திருக்கும். ஒருபக்கம் மட்டும் தேய்ந்த அரிவாள், அதைப் பிடித்தவர் வலக்கையரா இடக்கையரா என்பதையும் சொல்லிவிடும். மூன்றாவது, எதனால் செய்யப்பட்டது, எங்கே ஒட்டுப்போடப்பட்டது என்று பாருங்கள். பழுது பார்க்கப்பட்ட கருவி, இன்றியமையாத கருவி. நான்காவது, எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்று குறியுங்கள். இடத்தை விட்டுப் பெயர்த்த பொருள் பாதிச் சான்றை இழக்கிறது. ஐந்தாவதே தலையாயது: கேளுங்கள். மூத்த பெண்களிடமும், உழவுத் தொழிலாளரிடமும், கொல்லரிடமும், தச்சரிடமும் சென்று பொருளை அவர்கள் கையில் கொடுங்கள். வாய் மறந்ததைக் கை நினைவுபடுத்தும். பிடித்தவுடன் அவர் விரல்கள் எங்கே செல்கின்றன என்று நோக்குங்கள். அதன்பிறகும் விளங்கவில்லை என்றால், பயன் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அழகான ஊகம், பின்வருவோரின் கேள்வியை அடைத்துவிடும்.

இஃது எவ்வாறு கவிஞரின் வேலையாகும் என்ற தொடக்க வினாவிற்கு இப்போது விடை கூறலாம். தொல்காப்பியர் அகத்திணைக்குரிய கருப்பொருள்களை வகுத்தபோது, மரத்தோடும் பறவையோடும் பறையையும் யாழையும், மக்கள் செய்யும் தொழிலையும் சேர்த்தார். கருவியும் தொழிலும் நிலத்தின் கருவிலேயே இருப்பவை என்பது நம் இலக்கணம். அவ்வாறாயின், கொதிக்கும் இரும்பும் ஓடும் இரயிலும் உள்ள நம் நிலத்திற்குக் கருப்பொருள் எது? நம் ஆலைகளில் கைப்பிடியொன்றின் இரு முனையிலும் எஃகு உருளை பொருத்திய சிறு அளவுகருவி உண்டு. கோ நோகோ கேஜ் என்று தொழிலாளர் அழைப்பர். துளையிட்ட உறுப்பினுள் ஒரு முனை நுழைய வேண்டும். மறுமுனை நுழையக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியாத அளவினது. நூறாண்டு கழித்து இதைக் கண்டெடுப்பவர் என்னவென்று கருதுவார்? நம்மிடையே ஆலைத் தொழிலாளரான கவிஞர்கள் இருக்கின்றீர்கள். நுழைவதும் நுழையாததும் சேர்ந்தே ஒன்றைச் சரியானதென்று முடிவுசெய்யும் இக்கருவியை, நண்டின் கண்ணைக் கண்ட அப்புலவரைப்போல் நீங்கள் பார்த்து எழுதுதல் வேண்டும்.

ஆகவே, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ உறவிலோ உள்ள மூன்று பழங்கருவிகளைத் தேர்ந்து, ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஊரில் வழங்கும் பெயர், உறுப்புகளின் பெயர், நீளம், எடை, செய்த பொருள், பயன்படுத்திய முறை, சொன்னவரின் தொழிலும் வயதும் ஆகியவை இடம்பெற வேண்டும். அதனடியில் இரண்டே வரியில் ஓர் உவமையும் இருக்கட்டும். அளவை எவரும் எடுக்கலாம். உவமையைக் கவிஞரே தர இயலும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, கட்டடம் வேண்டுவதில்லை. மாதக் கூட்டத்தில் கால்மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஆனால் நாளை என்று தள்ளுதற்கில்லை. சொல்லத் தெரிந்த மூத்தோர் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

பொருளைக் காப்பது அகழ்வைப்பகத்தின் கடன். பெயரைக் காப்பது நம் கடன். இரண்டும் ஒன்றுசேரும் இடத்தில்தான் ஒரு சமுதாயத்தின் உழைப்பு நினைவாகிறது.